மர்ம நாவல் எழுதி அச்சேற்றுவது எப்படி: கொலையாளியின் நோட்டிலிருந்து புத்தகக் கடை வரை

மர்ம நாவல் எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் அத்தியாயத்தில் பிணம் கிடக்கும், மழை பெய்யும், இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்குவார். பத்து அத்தியாயம் வரை கதை ஓடும். அதற்கு மேல் யார் கொன்றது என்று எழுதியவருக்கே தெரியாது. என்னிடம் படிக்கக் கொடுக்கப்பட்ட பிரதிகளில் பல இப்படி நின்றுபோனவை. என் முதல் முயற்சியும் பதினோராம் அத்தியாயத்தில் நின்றதுதான்.

இவர்களில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். வேலையைச் செய்யும் வரிசைதான் அவர்களைக் கவிழ்த்தது. நான் இப்போது பின்பற்றும் வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குக் கடைசி வரை ஒரே கதைதான். அச்சான என் நாவலின் எலும்புக்கூடு. கொலையாளி யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் விளக்க முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டு. கதை நடக்கும் வருடத்தின் பஞ்சாங்கம் அல்லது தினசரி காலண்டர். கதை நடக்கும் தெருவின் வரைபடம், கையால் போட்டது போதும். சந்தேகம் கேட்க மூன்று பேர்: ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், காவல்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். மூவரையும் தெரியாது என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பிடியுங்கள். நாவலுக்காகக் கேட்கிறேன் என்றால் பெரும்பாலும் ஆர்வமாகவே பேசுவார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம்.

முதல் வரியிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். காரணம் 9-ஆவது படியில் வருகிறது.

எனக்கு 40,000 சொல் நாவலுக்கு எட்டு மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

1. பொறியைப் பிணத்தில் தேடாதீர்கள், காகிதத்தில் தேடுங்கள்

"ஐடியா எங்கிருந்து கிடைத்தது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. செய்தித்தாளில் வரும் கொலைச் செய்தி பெரும்பாலும் உதவாது. அதில் முடிவு மட்டும் இருக்கும். இரண்டு வரியில் "முன்விரோதம் காரணமாக" என்று முடித்துவிடுவார்கள். மர்ம நாவலுக்குத் தேவை, ஒருவன் ஏன் ஒரு விஷயத்தை மறைத்தாக வேண்டும் என்ற காரணம். அந்தக் காரணம் அலுவலகங்களில் கிடைக்கிறது: சார்பதிவாளர் அலுவலகம், வங்கி, கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், ரேஷன் கடை.

என் பொறி பத்திரப் பதிவு அலுவலகத்தின் காத்திருப்பு பெஞ்சில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பவர் கொடுத்தவர் போய்ட்டா பவரும் போச்சு." அவ்வளவுதான். பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் இறந்தால், சாதாரணமாக அந்த அதிகாரம் அதோடு முடிந்துவிடும். அப்படியானால், பவர் ஏஜென்ட் ஒரு வீட்டை விற்றது காலை 11 மணிக்கு, உரிமையாளர் இறந்தது அதற்கு முந்தைய இரவு என்றால்? இறந்த நேரத்தை ஒரு நாள் தள்ளிவைக்க ஒருவனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

நோட்டில் இந்த மாதிரி வரிகளைத்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்று தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் யார் பீரோவிலாவது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது ஊற்று நீதிமன்றத் தீர்ப்புகள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. குறுக்கு விசாரணை பற்றிய பத்திகளைப் படியுங்கள். சாட்சிகள் எங்கே தடுமாறுகிறார்கள், போலீஸ் எங்கே கோட்டை விடுகிறது என்பது அங்கே தெரியும்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, நிஜ வழக்கை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது. ஊர், தொழில், குடும்ப அமைப்பு எல்லாம் அப்படியே இருந்தால் பெயரை மாற்றியதில் பயன் இல்லை. அவதூறு வழக்கு வரலாம். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டது என்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதே தண்டனைக்குரிய குற்றம். வழக்கிலிருந்து பொறிமுறையை மட்டும் எடுங்கள், மனிதர்களை நீங்களே உருவாக்குங்கள்.

2. நாவலுக்கு முன் குற்றத்தை எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பத்தாம் அத்தியாயத்தில் நிற்கிறார்கள்.

குற்றத்தைக் கொலையாளியின் வாயால், நடந்தது நடந்த வரிசையில், மூன்று நான்கு பக்கம் எழுதுங்கள். நடை வேண்டாம், திருப்பம் வேண்டாம். வாக்குமூலம் மாதிரி இருக்கட்டும். வாசகர் நாவலின் முடிவில் தெரிந்துகொள்ளப்போவதை நீங்கள் தொடக்கத்திலேயே முழுதாகத் தெரிந்து வைத்திருந்தால்தான் எதை, எங்கே, எவ்வளவு மறைப்பது என்று தீர்மானிக்க முடியும்.

என் கதையின் வாக்குமூலம் சுருக்கமாக இது. கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் பெரியவர், மனைவி இல்லை. வீட்டை விற்க மைத்துனர் மகனுக்குப் பவர் கொடுத்திருக்கிறார். புதன்கிழமை மாலை மனம் மாறி, நாளைக்கே பவரை ரத்து செய்யப்போவதாகச் சொல்கிறார். இரவு 9 மணிக்கு வாக்குவாதம், தள்ளுமுள்ளு, தலை படியில் மோதி இறந்துபோகிறார். வியாழன் காலை 11 மணிக்கு விற்பனைப் பதிவு ஏற்கெனவே முடிவானது, அட்வான்ஸ் பணமும் செலவாகிவிட்டது. அதனால் அவன் உடலைப் படுக்கையறையில் கிடத்தி ஏசியை 18-ல் வைத்து, வியாழன் பகல் முழுக்க அவர் உயிரோடு இருந்தது போல ஏற்பாடு செய்கிறான். இரவில் உடலைக் குளியலறைக்கு மாற்றுகிறான். வெள்ளி காலை 8 மணிக்கு "வழுக்கி விழுந்து" கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வாக்குமூலம் முடிந்ததும் கால அட்டவணை. இடதுபுறம் நேரம், மேலே ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர். புதன் மாலை முதல் வெள்ளி காலை வரை ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொருவரும் எங்கே இருந்தார்கள் என்று நிரப்புங்கள். கதையில் பேசாதவர்களுக்கும் நிரப்ப வேண்டும். பால் போடுபவர் எத்தனை மணிக்கு வருவார்? குப்பை வண்டி? பக்கத்து வீட்டில் யார் எப்போது வாசல் தெளிக்கிறார்கள்? இந்தக் கட்டங்களில் காலியாக இருக்கும் இடத்தில்தான் வாசகர் பின்னால் விரல் வைப்பார்.

சோதனை ஒன்றே ஒன்று. கொலையாளி செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் அப்போது அவனுக்குத் தெரிந்ததை வைத்து ஒரு நியாயம் இருக்கிறதா? "கதைக்குத் தேவைப்பட்டது" என்பது மட்டும்தான் பதில் என்றால் அந்தக் காரியத்தை அடித்துவிடுங்கள்.

3. மருத்துவமும் சட்டமும்: எழுதிய பிறகு அல்ல, இப்போதே

முழு நாவலையும் எழுதிவிட்டு வழக்கறிஞரிடம் காட்டுபவர்கள் உண்டு. அவர் ஒரு வரி சொல்வார், ஆறு அத்தியாயம் போய்விடும். வாக்குமூலமும் அட்டவணையும் மட்டும் இருக்கும் நிலையில் கேட்டால் இழப்பு இரண்டு பக்கம்தான்.

முதலில் உடல். மேல்நாட்டு நாவல்களில் படித்த இறப்பு நேரக் கணக்கை நம் ஊர்க் கோடையில் போடாதீர்கள். மரண விறைப்பு இங்கே வெயில் காலத்தில் ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி 18 முதல் 36 மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும்; குளிரில் 48 மணி நேரம் வரைகூடப் போகும். என் கொலையாளி ஏசியை நம்பியது இதனால்தான். அதே போல, எந்த மருத்துவரும் "இரவு 9.10-க்கு இறந்தார்" என்று சொல்ல மாட்டார். ஓர் இடைவெளியைத்தான் சொல்வார். அந்த இடைவெளிதான் மர்ம எழுத்தாளரின் விளையாட்டு மைதானம்.

என் முதல் திட்டத்தில் உடல் படுக்கையறையில் குப்புறக் கிடந்தது, குளியலறையில் மல்லாந்து. மருத்துவ நண்பர் சிரித்துவிட்டார். இறந்த உடலில் ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்கி, தோல் கருஞ்சிவப்பாக மாறும். ஆறேழு மணி நேரத்துக்கு மேல் அந்த நிறம் அந்த இடத்திலேயே தங்கிவிடும். மல்லாந்து கிடப்பவரின் மார்பில் அந்த நிறம் இருந்தால், "பிரேதப் பரிசோதனை தொடங்கிய அரை மணியில் உன் நாவல் முடிந்துபோகும்" என்றார். இரண்டு இடத்திலும் மல்லாக்கக் கிடத்தினேன். ஒரு தடயம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மூன்றாம் அத்தியாயத்திலேயே கதையை முடித்துவிடாத அளவுக்கு மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு பழைய பிழைகள். கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்தால் இரண்டே நொடியில் யாரும் மயங்குவதில்லை, நிமிடக் கணக்கில் ஆகும். சூரியன் மறைந்த பின் பிரேதப் பரிசோதனை செய்ய 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது உண்மை; ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை அதில் சேராது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர. உங்கள் கதையில் வரும் உடல் அநேகமாக இந்த விலக்கில்தான் வரும். ஆகவே நள்ளிரவு அறிக்கை வேண்டாம், மறுநாள் வரை உறவினர்கள் மருத்துவமனை வாசலில் காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்பில் நல்ல காட்சிகள் கிடைக்கும்.

அடுத்தது சட்டம். கதை நடக்கும் தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டமும் அதோடு வந்த இரண்டு சட்டங்களும் அமலில் இருக்கின்றன. அன்று முதல் நடந்த கொலைக்குப் பிரிவு 103. அதற்கு முன் நடந்தது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. இன்றைய கதையில் இன்ஸ்பெக்டர் "302 போடு" என்று சொன்னால் அது எழுத்தாளரின் பிழை. (பழக்கதோஷத்தில் அவர் சொல்லிவிட்டு ஸ்டேஷன் ரைட்டர் திருத்துவது போல எழுதினால் அழகான சின்னக் காட்சி.) கதை யாழ்ப்பாணத்தில் நடந்தால் இந்த எண் எதுவுமே பொருந்தாது, இலங்கைத் தண்டனைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

என் கதை மாதிரி விபத்துபோலத் தெரியும் சாவுக்கு எடுத்த எடுப்பில் கொலை வழக்குப் போட மாட்டார்கள். சந்தேக மரணம் என்று, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 194-ன் கீழ் பதிவு செய்து, பிறகு ஆதாரம் கிடைத்ததும் பிரிவை மாற்றுவார்கள். இந்த மாற்றம் நாவலின் நடுவில் வைக்க வேண்டிய திருப்பம்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதன் மூலம் கண்டெடுத்த பொருள் பற்றிய பகுதி மட்டும் செல்லும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். கடைசி அத்தியாயத்தில் கொலையாளி உணர்ச்சிவசப்பட்டு எல்லாவற்றையும் கொட்டுவதோடு முடிக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அவன் சொன்னதைத் தவிர என்ன இருக்கிறது உங்கள் இன்ஸ்பெக்டர் கையில்?

பதவிப் பெயர்களிலும் சறுக்குகிறார்கள். சென்னை, மதுரை, கோவை போன்ற மாநகரங்களில் கமிஷனர், துணை கமிஷனர், உதவி கமிஷனர். மாவட்டங்களில் எஸ்.பி., டி.எஸ்.பி. மாநகர ஸ்டேஷனின் கொலை வழக்கை "டி.எஸ்.பி." வந்து மேற்பார்வை செய்வது அடிக்கடி பார்க்கும் பிழை.

கடைசியாக, உங்கள் கதைக்கே உரிய துறை. எனக்கு அது பத்திரப் பதிவு. பவர் ஏஜென்ட் பதிவுக்கு வரும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றும் கேட்பார்கள் என்று ஒரு பத்திர எழுத்தர் சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது. முதலில் திகைத்தேன், பிறகு அதுவே லாபமாகிவிட்டது. சான்று ஒரு வாரம் முன்பே, பெரியவர் நன்றாக இருந்தபோது வாங்கியது. தேதி சரி, கையெழுத்து சரி, ஆனால் பதிவு நடந்த நிமிடத்தில் அந்தத் தாள் சொல்வது பொய்.

4. யார் துப்பறிவது?

இன்ஸ்பெக்டர் என்றால் அதிகாரம் உண்டு, ஆனால் நடைமுறைக்குக் கட்டுப்பட வேண்டும். தனியார் துப்பறிவாளர் என்றால், அவருக்கு யாரையும் கைது செய்யவோ, கைபேசி அழைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கவோ சட்டத்தில் இடம் இல்லை. "நண்பர் கமிஷனர்" எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார் என்று எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

புதியவர்களுக்கு நான் சொல்வது: கேள்வி கேட்க இயல்பான காரணம் உள்ள ஒருவரைப் பிடியுங்கள். என் நாவலில் அது பக்கத்துத் தெருவில் இருக்கும் பத்திர எழுத்தர் அம்மாள். யார் எதை விற்றார்கள் என்பது அவருக்குத் தொழில். போலீசுக்குத் தெரிவது அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிவது போலீசுக்குத் தெரியாது. இரண்டும் எப்போது சந்திக்கின்றன என்பதுதான் கதை.

5. தடயப் பட்டியல்

மர்ம நாவலில் வாசகர் ஏமாற வேண்டும், ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கக் கூடாது. முடிவைப் படித்தவுடன் "அட, மூன்றாம் அத்தியாயத்திலேயே இருந்ததே!" என்று பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பட்டியல்: தடயம் என்ன, எந்த அத்தியாயத்தில் வருகிறது, எதற்குள் ஒளிந்திருக்கிறது, எங்கே அவிழ்கிறது. நான்கு நெடுவரிசை போதும்.

என் கதையின் மையத் தடயம் மூன்று துண்டாக இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டு அம்மா புலம்புகிறார்: "அமாவாசைக்கு அமாவாசை மொட்டை மாடியில நின்னு காக்காயைக் கூப்பிடுவார், இனிமே அந்தக் குரல் கேக்காது." வாசகருக்கு அது துக்கம், அவ்வளவே. நான்காம் அத்தியாயத்தில் குப்பைக் கூடையில் இருந்தவற்றின் பட்டியல்: மாத்திரை அட்டை, பழைய சந்தா ரசீது, ஹோட்டல் இட்லிப் பொட்டலமும் வெங்காய சாம்பார் பாக்கெட்டும், பில்லில் வியாழன் காலை 7.40. பெரியவர் அன்று காலை உயிரோடு சாப்பிட்டார் என்பதற்குச் சாட்சியாகக் கொலையாளி போட்டுவைத்தது. ஆறாம் அத்தியாயத்தில் வீடு வாங்கியவர் தன் நேர்மையை நிரூபிக்கும் அவசரத்தில் சொல்கிறார்: "நிறைஞ்ச அமாவாசை, நல்ல நாள்னுதான் அன்னைக்குப் பதிவு வச்சோம்."

தர்ப்பணம் முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர் அமாவாசை காலை 7.40-க்கு வெங்காய சாம்பாரோடு இட்லி சாப்பிட மாட்டார். மூன்று தகவலும் வாசகர் கையில் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒளிப்பதற்கு எனக்குத் தெரிந்த வழிகள் இவையே: துக்கம் அல்லது கோபம் நிறைந்த பேச்சுக்கு நடுவில் வைப்பது, நீளமான பட்டியலின் நடுவில் வைப்பது, வேறொன்றை நிரூபிக்க யாரோ சொல்வது போல வைப்பது. எல்லாத் துண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் கெட்டிக்கார வாசகர் பிடித்துவிடுவார்.

பொய்த்தடங்களுக்கும் ஒரு விதி உண்டு. சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் பொய் சொல்லட்டும், ஆனால் அந்தப் பொய்க்கு அவர்களுடைய சொந்த ரகசியம் காரணமாக இருக்கட்டும். வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் புதன் இரவு எங்கே இருந்தேன் என்பதை மறைக்கிறார். அவர் சீட்டு விளையாடப் போயிருந்தார், மனைவிக்குத் தெரியக் கூடாது. காரணமே இல்லாமல் இருட்டில் முறைத்துக்கொண்டு நிற்கும் தோட்டக்காரர் வேண்டாம்.

கடைசி அத்தியாயத்தில் இதுவரை காட்டாத இரட்டைச் சகோதரன், விஷம், கடிதம் எதுவும் வரக் கூடாது. துப்பறிபவர் பார்த்த எல்லாவற்றையும் வாசகரும் பார்த்திருக்க வேண்டும்.

6. முதல் வரைவு

மேலே உள்ளவை முடிந்திருந்தால் இது எளிது. 30 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 1,300 சொல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரி: இதில் வாசகருக்குப் புதிதாகத் தெரிவது என்ன, தவறாக நம்பப்போவது என்ன. இரண்டுக்கும் பதில் இல்லாத அத்தியாயம் சும்மா ஓடுகிறது.

நிறுத்தாமல் எழுதுங்கள், பின்னால் போய்த் திருத்தாதீர்கள். தடயத்தை இடம் மாற்றத் தோன்றினால் பட்டியலில் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

7. திருத்தத்துக்கும் ஒரு வரிசை உண்டு

முதல் முறை நேரத்தை மட்டும் பாருங்கள். கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டாம் முறை தடயங்களை மட்டும். மூன்றாம் முறைதான் மொழி. மாற்றிச் செய்தால், அழகாகச் செதுக்கிய பத்தியை வெட்ட மனம் வராமல் கதையில் ஓட்டையை விட்டுவைப்பீர்கள். எனக்கு நடந்தது.

பிறகு நான்கைந்து பேரிடம் கொடுங்கள். கடைசி மூன்று அத்தியாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். "யார் என்று நினைக்கிறீர்கள், ஏன்?" என்று எழுதி வாங்கிய பிறகே மீதியைத் தாருங்கள். எல்லோரும் சரியாகச் சொன்னால் தடயம் கத்துகிறது. ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை என்றால் போதவில்லை. என் வாசகர்களில் ஒருவர் கேட்டது: "வியாழக்கிழமை பூரா பக்கத்து வீட்டம்மா அவரைத் தேடவே இல்லையா?" அட்டவணையில் நான் காலியாக விட்ட கட்டம் அது. ஓர் அத்தியாயம் கூடிற்று.

குடும்பத்தினரிடம் கொடுப்பதில் தவறில்லை. அவர்கள் "நல்லாருக்கு" என்பதைக் கணக்கில் எடுக்காமல் இருந்தால் சரி.

8. எந்த வழியாக வெளியிடுவது

பத்திரிகைப் போட்டி, வார இதழ்த் தொடர், மாத நாவல், பதிப்பகம், கிண்டில், பிரதிலிபி போன்ற தளம், சொந்தப் பதிப்பு. வழிகள் நிறைய. எதை முதலில் முயல்வது என்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

போட்டிகளும் இதழ்களும் பொதுவாக "வேறு எங்கும் வெளிவராதது" என்று கேட்பார்கள். ஆர்வத்தில் இணையத்தில் ஏற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆகவே போட்டி அல்லது இதழ் முதலில், பதிப்பகம் அடுத்து, மின்னூல் கடைசியில். கிண்டிலில் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது; பிரதிலிபியில் அத்தியாயங்கள் கிடந்தால் சிக்கல். அதற்காக இணையத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. வாசகர்களை இணையத்தில் திரட்ட நினைப்பவர்கள் அங்கே வேறொரு கதையைப் போடலாம்.

காலமும் முக்கியம். சென்னை புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும். ஐப்பசி முதல் தை வரை பதிப்பகங்களில் யாருக்கும் புதியவரின் பிரதியைப் படிக்க நேரம் இருக்காது. மாசியிலிருந்து ஆனிக்குள் அனுப்புங்கள்.

எந்தப் பதிப்பகம் என்று தீர்மானிக்க, அவர்கள் கடந்த இரண்டு வருடத்தில் போட்ட பட்டியலைப் பாருங்கள். மர்ம நாவலே போடாத இடத்துக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருந்து என்ன பயன்?

9. அனுப்பும் பிரதி

யூனிகோடில் இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்துவிட்டுப் பிறகு மாற்றினால் ஒகரக் கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் சிதறும். நான் அப்படி மாற்றிய ஒரு சிறுகதையில் இன்ஸ்பெக்டர் ராஜா பெயர் மூன்று விதமாக வந்தது. வாசகர் மூன்று பேர் என்று நினைத்தாலும் குற்றமில்லை.

பிரதியோடு ஒரு பக்கக் கதைச்சுருக்கம். அதில் கொலையாளி யார் என்று சொல்லியாக வேண்டும். "முடிவை வெள்ளித்திரையில் காண்க" பாணி வேண்டாம். பதிப்பாளர் வாசகர் அல்ல. முடிச்சு அவிழ்கிறதா என்று பார்க்க வேண்டியவர். அப்புறம் உங்களைப் பற்றி நான்கு வரி, சொல் எண்ணிக்கை, தொலைபேசி எண். போதும்.

10. கையெழுத்துப் போடும் முன்

என் முதல் புத்தகத்துக்கு ஒரு பதிப்பாளர் ஒரு பக்கத் தாள் நீட்டினார். "சகல உரிமைகளும்" என்று இருந்தது. சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். திரைக்கதைக்கு யாரோ கேட்டு வந்தபோதுதான் எதைக் கொடுத்தோம் என்று தெரிந்தது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த எல்லை என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது உங்களிடமே திரும்பும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் நீங்களே விட்டுக்கொடுத்தால் அது ஒன்றும் செய்யாது.

ஒப்பந்தத்தில் தனித்தனி வரியாக இருக்க வேண்டியவை: அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை. அச்சு உரிமை மட்டும் கொடுப்பதுதான் நல்லது. ராயல்டி வழக்கமாகப் புத்தக விலையில் 10 சதவீதம் என்று பேசுவார்கள். அச்சிட்டதற்கா, விற்றதற்கா, எந்த மாதம் கணக்கு என்று எழுதி வாங்குங்கள்.

பதிப்புரிமை எழுதியவுடன் தானாகவே வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. பதிவு செய்ய விரும்பினால் கட்டணம் 500 ரூபாய். ஆனால் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். "இறந்தவர் பெயரில் விற்கப்படும் வீடு" என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே கதையை முழுதாக எழுதும் முன் டீக்கடையில் சொல்லாதீர்கள்.

11. அச்சுக்கு முன்

டெமி 1/8 அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் வரும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். ஆஃப்செட்டில் அச்சிட்டால் 192 பக்கம் என்பது சரியாக 12 ஃபாரம். 195 வந்தால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போகும். ப்ரூஃப் பார்க்கும்போதே இதைக் கேட்டு, வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். 50, 100 பிரதி மட்டும் அச்சிடும் பி.ஓ.டி. முறையில் இந்தக் கவலை குறைவு, ஆனால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு அதிகம்.

ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணைப் பதிப்பகம் வாங்கிவிடும். சொந்தப் பதிப்பு என்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம், இலவசம். அச்சுக்கும் மின்னூலுக்கும் வேறு வேறு எண். பணம் வாங்கிக்கொண்டு எண் "ஏற்பாடு செய்து" தருபவர்களிடம் போகாதீர்கள்.

ப்ரூஃபில் எழுத்துப் பிழையோடு நேரம், தேதி, பெயர்களைத் தனியாக ஒரு முறை பாருங்கள். மற்ற நாவலில் 7.40 என்பது 9.40 ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அதோடு கதை செத்தது.

பின்னட்டை வாசகத்தைக் கட்டாயம் நீங்களே பாருங்கள். என் பின்னட்டைக்கு வந்த முதல் வாசகம்: "இறந்தவர் விற்ற வீடு!" எட்டு மாத உழைப்பை மூன்று சொல்லில் உடைத்துவிட்டார்கள். அத்தியாயத் தலைப்புகள் பொருளடக்கத்தில் வரும் என்பதையும் மறக்காதீர்கள். அணிந்துரை வாங்குவது என்றால் அதைப் புத்தகத்தின் கடைசியில் போடுங்கள். பெரியவர்கள் கதையைச் சொல்லாமல் பாராட்ட மாட்டார்கள்.

12. அச்சான பிறகு

பதிப்பாளர் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அது. சொந்தப் பதிப்பு என்றால் பதிப்பாளர் நீங்கள்தான்.

ஒரு பிரதியில் "திருத்தப் பிரதி" என்று எழுதி மேசையில் வையுங்கள். வாசகர்கள் சொல்லும் ஒவ்வொரு பிழையையும் அதில் குறியுங்கள், அடுத்த பதிப்புக்கு அதுதான் மூலம்.

என் திருத்தப் பிரதியில் முதல் குறிப்பு, புத்தகம் வந்த இரண்டாவது வாரம் எழுதியது. கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். கதையை மிகவும் ரசித்ததாகச் சொல்லிவிட்டு, "சார், நீங்க போட்டிருக்கிற வருஷம் வைகாசியில அமாவாசை வியாழக்கிழமை வரலை" என்றார். பஞ்சாங்கத்தை நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அந்த வருடத்துப் பஞ்சாங்கம் இல்லை அது, போன வருடத்தது.

இரண்டாம் பதிப்பில் கதையைத் தை அமாவாசைக்கு மாற்றினேன், வருடத்தையும் எடுத்துவிட்டேன். அதில் ஒரு புதுச் சிக்கல்: தை மாதக் குளிரில் ஏசியை எவன் 18-ல் போடுவான்? திரும்ப 2-ஆவது படிக்குப் போய் அட்டவணையை விரித்து உட்கார்ந்தேன். இப்போது அந்த நாவலில் பத்திர எழுத்தர் அம்மாளுக்கு முதல் சந்தேகமே மின்வாரிய மீட்டர் ரீடிங்கைப் பார்த்துத்தான் வருகிறது.